ஆறு பத்துக்கு வந்தவர்கள்

பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பாகப் பேச என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் மதிப்பெண் அல்ல. அதில் எனக்குப் பதினோராவது இடம். எனக்கு வாய் நீளம், அவ்வளவுதான். பதினேழு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்கிறவள் நான். முக்கால்வாசி மூடிய கதவை மறுபடி திறக்க வைத்து, உள்ளே போய் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுத் தண்ணீரையே வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதையா இத்தனை நாளாக் குடிக்கறீங்க?" என்று முகத்தைச் சுளிக்கத் தெரியும். நாற்பத்திரண்டு வயதில் இரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்து, இரண்டு வருடம் மாலை வகுப்புக்கு ஓடி, தேறியும்விட்டேன் என்றால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் நம்ப வைத்துவிடுவேன்.

வியாழக்கிழமை மத்தியானம் முதல்வர் கூப்பிட்டார். சனிக்கிழமை விழா.

"அஞ்சு நிமிஷம் போதும்மா. எல்லாருக்கும் நன்றி சொல்லுங்க. நம்பிக்கையா ரெண்டு வார்த்தை பேசுங்க. இறங்கிடுங்க. தாளாளர் அம்மாவுக்கு நீட்டி முழக்கினா பிடிக்காது."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மைக், மேடை, முன்னால் முந்நூறு பேர். எந்த வீட்டிலும் நான் பேசி நாலு பேருக்கு மேல் கேட்டதில்லை. வராந்தாவில் துள்ளாத குறையாக வந்தவள், அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுவிட்டேன். பசை காயாத ஒரு தாள். வருகைக் குறைவு காரணமாக மாலைப் பிரிவு இந்த ஆண்டோடு நிறுத்தப்படுகிறது. முதலாண்டு மாணவர்கள் விரும்பினால் பகல் பிரிவில் இரண்டாமாண்டைத் தொடரலாம்.

அந்த முதலாண்டு மாணவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

அவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்தே முதுகு போய்விட்டது. இன்னும் ஒன்றரை வருடம் தாங்கும், அதற்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் படித்த முதல் வருடம் அவர்தான் சமைத்தார், துவைத்தார், என் புத்தகத்துக்கு அட்டையும் போட்டார். அட்டை போடும்போது உள்ளே எட்டிப் பார்த்து, படம் பார்த்து, அப்புறம் அவரே சேர்ந்துவிட்டார். பகல் பிரிவு என்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீடு ஓடாது. மாலைப் பிரிவு போனால் அவருடைய இரண்டாம் வருடம் போச்சு. முதுகும் போய், படிப்பும் போய், அந்த மனுஷன் அப்புறம் என்ன செய்வார்?

விறுவிறுவென்று முதல்வர் அறைக்குத் திரும்பினேன்.

"என்ன சார் இது?"

அவர் கெட்டவர் இல்லை. வருத்தப்பட்டுக்கொண்டே வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "நீங்களே பாருங்க. முப்பத்தோரு பேர் சேர்ந்தாங்க. தினமும் சராசரியா வந்தது ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு எப்படிம்மா ஒரு பிரிவை நடத்தறது? முடிவு எடுத்தது தாளாளர் அம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பதினேழாவது பெயர் என் வீட்டுக்காரருடையது. பெயருக்கு நேராகப் பக்கம் பக்கமாக வெள்ளை. எங்கோ ஓரிடத்தில் ஒரு கையெழுத்து. எனக்குச் சுரீர் என்றது. எனக்கு வகுப்பு வேறு மாடியில், எட்டு மணிக்கே முடிந்து வீட்டுக்கு ஓடிவிடுவேன்; அவரைக் கல்லூரியில் நான் பார்த்ததே இல்லை. தினமும் ஐந்தேகாலுக்குப் பணிமனையிலிருந்து நேராக வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்ன மனுஷன், ஒன்பதரைக்குக் களைத்துப்போய் வீட்டுக்கு வந்த மனுஷன், எங்கே போயிருந்தார்?

வீட்டுக்குப் போனபோது அவர் சோப்புத் தூள் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா எங்கே போயிட்டு வந்தீங்க?"

"எங்கே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ரெஜிஸ்டரைப் பார்த்துட்டு வரேன். வகுப்புக்கே போகல நீங்க!"

அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஒரு நாள் கூட லீவு போடலை. ஜுரத்தோடகூடப் போனேன்."

"அப்புறம் கையெழுத்து?"

"அதுல மேல என்ன போட்டிருக்கு? மாலை ஆறு மணிக்கு வந்தவர்கள் மட்டும் கையொப்பமிடவும்னு போட்டிருக்கு. ஷிஃப்ட் விட்டு, கை கழுவி, பஸ் பிடிச்சு வந்தா நான் வர்றது ஆறு பத்து. என்னைக்காவது சீக்கிரம் வந்தா போட்டேன்."

"ஆறு பத்துக்கு வந்தா போடக்கூடாதா?"

"ஆறு மணிக்கு வரலையே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சும்மா இல்லை, சத்தம் கேட்கிற மாதிரி அடித்துக்கொண்டேன். எங்கள் வகுப்பில் நாங்கள் ஏழு மணிக்கு வந்தால்கூடப் படியேறுகிற வேகத்திலேயே ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டுப் போவோம். பதிவேடு கீழே அலுவலக மேசையில் கிடக்கும், குமாஸ்தா ஆறுக்கே கிளம்பிவிடுவார், கேட்க நாதியில்லை. இவர்கள் வகுப்பில் பாதிப் பேர் இவர் பணிமனை, மீதிப் பேர் தொழிற்சாலை. நேரம் தப்பாகப் பதிந்தால் சீட்டைக் கிழிக்கிற இடங்கள். அதுவும் போதாதென்று வகுப்புத் தலைவர் இவர். முதல் நாளே எல்லோரையும் நிறுத்தி வைத்து, வராத நேரத்துக்கு யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். முப்பது பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். மாடியில் பாடம் நடத்தினவர்கள் கணக்கைக் கீழே எடுக்கிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். கீழே இருந்தவர்களுக்கு மாடியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

"உங்க நேர்மையில இடி விழ!" என்றேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பலகையில் ஒட்டியிருந்ததைச் சொன்னதும் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சனிக்கிழமை நான் பேசறேன். தாளாளர் உட்கார்ந்திருப்பாங்க. வித்துக் காட்டறேன் பாருங்க."

"பேசு. ஆனா எங்களைப் பாவம்னு மட்டும் பேசிடாதே."

அன்று ஆரம்பித்தது எனக்கு ஒரு வெறி. ஒருத்தர் ஒரு பொருளை வாங்க மூன்று இடத்தில் தலையாட்ட வேண்டும். விற்கிற ஆளை நம்ப வேண்டும். கணக்கு உதைக்காமல் இருக்க வேண்டும். வயிற்றுக்குள் எங்கோ ஓரிடம் கலங்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுவார்கள். போன வருடம் பேசின பையன் முதல் வரியிலேயே அம்மாவின் கண்ணீரில் ஆரம்பித்தான். ஜனங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரென்றே தெரியாத ஆள் அழுதால் நமக்கு ஏன் கலங்க வேண்டும்? அதற்கு முந்தைய வருடம் பேசின பெண் வெறும் புள்ளிவிவரமாகக் கொட்டினாள். நான் மூன்றையும் மூன்று பக்கத்தில் எழுதினேன். முதல் பக்கம் நான் யார். இரண்டாவது பக்கம் கணக்கு. மூன்றாவது பக்கத்தைத்தான் அடித்து அடித்து எழுதினேன்; அதுதான் சபையை அழ வைக்க வேண்டிய பக்கம்.

மகள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கும்மா. கடைசியில 'இன்னைக்கே முன்பதிவு செய்யுங்க'ன்னு சொல்லப் போறியா?" என்று கேட்டாள். கரண்டியை ஓங்கினேன். ஆனால் குட்டி சொன்னதில் விஷயம் இருந்தது. வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் நான் வெறும் விற்பனைக்காரி. ஃபில்டர் விற்கும்போது நான் பேசுவது பாதிதான். கலங்கல் தண்ணீரை மேலே ஊற்றி, கீழே தெளிவாகப் பிடித்து, தம்ளரை அவர்கள் கையிலேயே கொடுப்பேன். கையில் கொடுத்த பிறகு யாரும் சட்டென்று வேண்டாம் என்று சொல்வதில்லை. இங்கே கையில் கொடுக்க என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று வந்தது. வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் கல்லூரிக்கு ஓடினேன்.

எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொருத்தரும் தன் விரலையே குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சின்னக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டுக் காய வைக்க வேண்டும். ஸ்லைடு என்போம். ஓரத்தில் பென்சிலால் தன் எண்ணையும் தேதியையும் எழுத வேண்டும். படிப்பு முடிகிற வரை ஒன்றையும் தூக்கிப் போட மாட்டார்கள்.

ஆய்வக ஆசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடி மேடம். ஸ்லைடு உடைந்தால் உயிரை எடுத்துவிடுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன்பது பேரா? எவன் சொன்னான்? முப்பத்தோரு ஊசி எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கறவ நான்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?"

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் எண்ண ஆரம்பித்தோம். முதலாண்டுக்காரர்களுடைய ஸ்லைடு, நூறு நூறாகப் பிடிக்கிற பெட்டிகளில். நடந்தது அறுபத்திரண்டு ஆய்வக நாட்கள். எண்ண எண்ண எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினெட்டுப் பெட்டி நிரம்பி, பத்தொன்பதாவதில் எண்பத்தொன்று. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று! முப்பத்தோரு பேரும் ஒரு நாள் விடாமல் வந்திருந்தால்கூட இன்னும் நாற்பத்தொன்றுதான் கூட இருந்திருக்கும். அலுவலகத்திலிருந்து மேடம் வாங்கி வந்த பதிவேட்டில் அதே நாட்களில் இருந்த கையெழுத்து ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. எண் பதினேழுக்கு அறுபத்திரண்டு ஸ்லைடு இருந்தது. ஜுரத்தோடு போன நாள் உட்பட. நான் மேடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடு, விடு! பெட்டி மேல சாயாதே!"

சனிக்கிழமை நாலு மணி. கறுப்பு அங்கி எனக்கு முழங்கால் வரைதான் வந்தது. மருந்துப் புட்டிகள் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் பத்தொன்பது பெட்டிகளையும் பதிவேட்டையும் அடுக்கி, மேலே மேசை விரிப்பைப் போர்த்தி, மேடையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். கண்ணாடி மேடம் அதன் பக்கத்திலேயே காவல் நின்றார். கடைசி இரண்டு வரிசையில் முதலாண்டுக்காரர்கள். வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், சீருடையோடு. என் வீட்டுக்காரர் மகளோடு ஓர இருக்கையில். தாளாளர் அம்மா மேடையின் நடுவில். வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு. அந்தக் காலத்தில் முப்பது வருடம் இரத்தம் பார்த்த டாக்டராம். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது; பயம் இல்லை, சந்தோஷம்! அழைப்பு மணியை அழுத்திவிட்டு உள்ளே செருப்புச் சத்தம் கேட்கக் காத்திருக்கும்போது வருகிற அதே படபடப்பு, நூறு மடங்காக.

முதல் பக்கத்தைப் படித்தேன். நான் யார், எப்படி வந்தேன், எத்தனை மாடி ஏறி இறங்கினேன். கைதட்டினார்கள். தாளாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, கதவு மூடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? மேடையில் ஏறினவர்கள் எல்லாரும் தங்களைப் பற்றி நல்லதாகத்தானே சொல்கிறார்கள். அப்போது எழுதி வைக்காத ஒன்று என் வாயிலிருந்து வந்தது.

"அம்மா, நான் பொய்க் கையெழுத்து போட்டவ."

முதல்வர் நாற்காலியில் நிமிர்ந்தார். எனக்கு இன்னும் பட்டயம் கையில் தரவில்லை. மேசை மேல்தான் சுருட்டி வைத்திருந்தது. ஆனால் தாளாளர் அம்மா இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துல பாதி நாள் நான் லேட்டாத்தான் வந்தேன். ஆறு மணின்னு போட்டுட்டு மேல போனேன். எங்க வகுப்பில எல்லாரும் அப்படித்தான். அதனால எங்க வருகை பிரமாதமா இருக்கு. எங்களுக்கு அடுத்து வந்தவங்க வருகைதான் மோசம். ஒரு நாளைக்கு ஒன்பது பேர். அந்த மீதி இருபத்திரண்டு பேர் எங்கே போனாங்கன்னு தேடினேன். கண்டுபிடிச்சுட்டேன். இங்கேயே கொண்டுவந்திருக்கேன்."

கண்ணாடி மேடம் விரிப்பை உருவினார். நான் வண்டியை மேடையின் நடுவுக்குத் தள்ளினேன். பெட்டிகள் கலகலவென்று அதிர, "மெதுவா!" என்று அவர் போட்ட அதட்டல் மைக்கில் கேட்டு அரங்கமே சிரித்தது. ஒரு பெட்டியைத் திறந்து தாளாளர் அம்மா முன்னால் வைத்தேன்.

"நீங்களே ஒண்ணு எடுங்க. தேதியைப் படிங்க. அதே தேதிக்கு ரெஜிஸ்டரைப் பிரிக்கச் சொல்லுங்க."

அவர் ஒன்றை எடுத்தார். தேதியை வாசித்தார். முதல்வர் பதிவேட்டைப் புரட்டினார். அந்தத் தேதியில் எட்டுக் கையெழுத்து. பெட்டியில் அதே தேதியில் முப்பது ஸ்லைடு. இன்னொரு பெட்டி. இன்னொரு தேதி. பதினொன்றுக்கு முப்பத்தொன்று. அரங்கத்தில் சலசலப்பு கிளம்பிவிட்டது; பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

"மொத்தம் ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தொண்ணு. ஒவ்வொண்ணும் அவங்கவங்க விரல்ல குத்தி எடுத்த சொட்டு. பேனாவால போடல. இரத்தத்தால போட்டிருக்காங்க!"

கைதட்டல் இடியாக அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விற்றுவிட்டேன் என்று நினைத்தேன். தாளாளர் அம்மா மட்டும் தட்டவில்லை. கையிலிருந்த ஸ்லைடை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இழுத்திருக்காங்க. முனை மெலிசா வந்திருக்கு." பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். அரங்கம் அடங்கியது. "சரி, வந்திருக்காங்க. வந்தவங்க ஏன் கையெழுத்து போடலை? ரெஜிஸ்டர்னா அவ்வளவு அலட்சியமா? நாளைக்கு ஆஸ்பத்திரியில ரிப்போர்ட்டையும் இப்படித்தான் விடுவாங்களா?"

இது நான் எதிர்பார்க்காத கேள்வி இல்லை. பதில் மூன்றாவது பக்கத்தில் தயாராக இருந்தது. நடுங்குகிற குரல்கூடத் தயாராக இருந்தது. தாளைப் புரட்டி வாயைத் திறந்தேன்.

"உங்களைக் கேக்கலை. அவங்களுக்குத் தலைவர் யாரு?"

கடைசி வரிசையின் ஓரத்தில் அவர் எழுந்தார். முதுகு வலி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே மொட்டை மாடிக்குப் போய்விடுகிற மனுஷன். நான் மனதுக்குள் கத்தினேன்: ஐயோ, ஏதாவது சொல்லுங்க!

"ஆறு மணிக்கு வந்தவங்க போடணும்னு இருக்குங்க. நாங்க வந்தது ஆறு பத்துக்கு." நிறுத்தினார். "நான் பிரேக் பார்க்கறவன். பார்த்துட்டுக் கையெழுத்து போட்டாத்தான் பஸ் வெளியே போகும். பார்க்காத பிரேக்குக்குப் போட மாட்டேன். அதே பழக்கத்துல இங்கேயும் போடலைங்க. தப்புன்னா தப்புதாங்க. மத்தவங்க மேல தப்பில்ல, நான்தான் போட வேண்டாம்னு சொன்னேன்."

உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் இல்லை. ஒரு குழந்தை தும்மியது மட்டும் கேட்டது. அவர் தன்னை நம்பும்படி யாரையும் கேட்கவில்லை, கணக்கு காட்டவில்லை, யாரையும் அழ வைக்கப் பார்க்கவுமில்லை. ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பதினேழு வருடம் வாயை வைத்துப் பிழைத்தவள் நான்.

தாளாளர் அம்மா ஸ்லைடைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே செருகினார்.

"பார்க்காததுக்குக் கையெழுத்து போடாத ஆளுங்களைத் தேடித்தான் நான் முப்பது வருஷம் ஆய்வகம் நடத்தினேன்" என்றார். முதல்வர் பக்கம் திரும்பினார். "மாலை வகுப்பு இனிமே ஆறரைக்கு. ரெஜிஸ்டர் மாடியில இருக்கட்டும். இவங்களுக்கு ரெண்டாம் வருஷம் நடக்கும். அந்த நோட்டீஸைக் கிழிச்சுடுங்க."

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடைசி இரண்டு வரிசையும் எழுந்து நின்று கத்தியது. யாரோ என் வீட்டுக்காரரைத் தூக்கப் பார்க்க, "முதுகு! முதுகு!" என்று அவர் அலறினார். மகள் நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். கண்ணாடி மேடம் இரண்டு கையையும் விரித்துப் பெட்டிகளை அணைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கூச்சலுக்கும் நடுவே தாளாளர் அம்மா என் பட்டயத்தை எடுத்து நீட்டி, "நீங்க திங்கட்கிழமை காலையில என்னை வந்து பாருங்க. உங்க கையெழுத்தைப் பத்திப் பேசணும்" என்றார். சரிங்கம்மா என்றேன். அந்த நிமிடம் அவர் என்னைப் பட்டயத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தாலும் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பேன்.

முதல்வர், பேச்சை முடிக்கவில்லையே என்று ஜாடை காட்டினார். நான் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி, ஓட்டமும் நடையுமாகக் கடைசி வரிசைக்குப் போனேன். அவர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணாவது பக்கத்தைப் படிக்கவே இல்லையே? ரெண்டு நாளா அதைத்தானே அடிச்சு அடிச்சு எழுதிட்டு இருந்தே" என்றார். "என்ன எழுதியிருந்தே?"

தாள் இன்னொரு கையில்தான் இருந்தது. என் கணவருக்கும் அவரோடு படிக்கும் முப்பது பேருக்கும் சபையில் பேச வராது, அதனால் அவர்களுக்காக நான் பேசுகிறேன் என்பதுதான் முதல் வரி. அவர் பார்க்கிறதற்குள் நாலாக மடித்து அங்கிக்குள் செருகிக்கொண்டேன்.

"தப்பா எழுதிட்டேங்க" என்றேன்.